உன் தோழி அன்று வந்திருந்தாள்

பாப்பா,

வாசகர் குழுவில் அந்த நாவலைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. எனக்கு முகநூல் எல்லாம் கிடையாது என்று உனக்குத் தெரியும். கடையில் என்னோடு வேலை செய்கிற மல்லிகா அந்தக் குழுவில் இருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை என் பக்கம் நீட்டி, "அக்கா, இது உங்க பொண்ணு தானே? போட்டோவுல அப்டியே இருக்குது" என்றாள். நீதான். என் மகள் இவ்வளவு நீளமாக எழுதுவாளா என்று பெருமையாகத்தான் போனை வாங்கினேன். மூன்றாவது பத்திக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

இதை உன்னிடம் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். இரண்டு தடவையும் முழங்கால் வலியைப் பற்றியும் மாடியில் ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். பேச்சில் எனக்கு வழுக்கிப்போகத் தெரியும். எழுத்தில் அவ்வளவு தெரியாது. அதனால் தாளில் எழுதுகிறேன். தாள் உனக்குத் தபாலில் வரும். அது கைக்குக் கிடைத்து இரண்டு நாள் கழித்து, மல்லிகா இதைத் தட்டச்சு செய்து குழுவில் உன் பதிவுக்குக் கீழே போடுவாள். உன்னிடம் மட்டும் சொன்னால் போதாதா என்று நீ கேட்கலாம். போதாது. நீ எல்லோர் முன்னாலும் உன் பழைய தோழியைப் பற்றி எழுதினாய். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டியிருக்கிறார்கள். பதிலும் அங்கேதான் இருக்க வேண்டும். அவளுடைய உண்மையான பெயரை எழுத மாட்டேன். பத்மா என்று வைத்துக்கொள்வோம். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

அந்தக் குழுவில் மற்றவர்கள் எழுதியதையும் மல்லிகா எனக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு பெண்கள், ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒன்றாகவே திரிகிறார்கள். ஒருநாள் ஒருத்தி சொல்லாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். மற்றவள் அதோடு வளர்ந்து பெரியவளாகிறாள். இவ்வளவுதான் கதை. இதற்கு எத்தனை விதமான கருத்து! பக்கம் பக்கமாக இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கதை எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். பரீட்சை நேரத்தில் ஊர் சுற்றும் மாணவிகளைப் பற்றி எழுதலாமா என்று ஓர் ஆசிரியை வருத்தப்பட்டிருந்தார். ஒருத்தி மற்றவளுக்குத் தலை வாரிவிடும் அத்தியாயத்தை மட்டும் மூன்று முறை படித்ததாக ஒரு கல்லூரிப் பெண் எழுதியிருந்தாள். வயதான ஒருவர் எழுதியது மனதில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி எங்கிருந்தோ நம்பரைத் தேடிப்பிடித்து அவர் மனைவிக்கு போன் செய்தாளாம். அன்று முழுக்க மனைவி வேறு ஒரு குரலில் பேசினாளாம். இத்தனை வருஷம் கூட இருந்தும் அந்தக் குரலைத் தான் கேட்டதே இல்லை என்றும், இந்த நாவலைப் படித்த பிறகுதான் அது யாருடைய குரல் என்று புரிந்தது என்றும் எழுதியிருந்தார்.

பிறகு நீ எழுதியது. எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. "எனக்கும் ஒருத்தி இருந்தாள். பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஊரைவிட்டுப் போனாள். அவள் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு சைக்கிளில் கால் மணி நேரம். வந்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நான் யாரையும் அவ்வளவு பக்கத்தில் விட்டதில்லை. இந்த நாவலாசிரியர் சொல்லாமல் போனவளை மன்னித்துவிடுகிறார். என்னால் முடியவில்லை." அதற்குக் கீழே வரிசையாக ஆறுதல். அவள் சுயநலக்காரி, அப்படிப்பட்டவளை நினைத்து ஏன் வருந்துகிறீர்கள், அவளுக்கு நீங்கள் ஒரு பொழுதுபோக்கு. நீ எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தாய்.

அவள் வந்தாள், பாப்பா.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அன்று கடையில் விடுப்பு. நீ பின்பக்கம் குளியலறையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா கூடத்தில் டேபிள் ஃபேனைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவள் குடும்பத்தில் ஒரு சம்பவம் நடந்து ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் அவள் தவறு ஒன்றும் இல்லை என்பதை மட்டும் எழுதலாம். ஆனால் எனக்கு அப்போது பயம். அந்த வீட்டுப் பெண்ணோடு நீ சேர்ந்து திரிவதை நாலு பேர் பார்க்கிறார்களே என்று பயம். உன் மார்க் குறைந்துவிடுமோ என்று பயம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. எனக்கே எது எதுவென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வாசலில் நின்று, "ஆன்ட்டி, அவ இருக்காளா?" என்று கேட்டாள்.

"இல்லமா. டியூஷன் போயிருக்கா" என்றேன்.

"எப்ப வருவா?"

"லேட்டாவும்."

"நான் நாளைக்குக் காலைல சித்தி ஊருக்குப் போறேன் ஆன்ட்டி. இனிமே அங்க தான். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போகட்டுமா?"

"வேணாம்மா. பரீட்ச நேரம். அவ மனசக் கலைக்காத. நீ கெளம்பு."

அதட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். இருபத்தாறு வருஷமாகப் பட்டுப் புடவை விற்கிறேன். வாங்காமல் எழுந்துபோகிறவர்களை மனம் நோகாமல் படியிறக்கி அனுப்ப எனக்கு ஒரு குரல் உண்டு. அந்தக் குரலில்தான் அவளை அனுப்பினேன். அவள் இரவல் வாங்கியிருந்த உன் உயிரியல் ரெக்கார்டு நோட்டை என் கையில் கொடுத்து, "மறக்காம குடுத்துடுங்க ஆன்ட்டி" என்றாள். நீ தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து யார் வந்தது என்று கேட்டாய். யாரோ அட்ரஸ் கேட்டார்கள் என்றேன். நோட்டை மறுநாள் உன் மேஜையில் வைத்து, பத்மா கொடுத்தனுப்பியதாக வகுப்புப் பெண் ஒருத்தி கொடுத்துவிட்டுப் போனாள் என்றேன். அதற்கு முன்னால் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மடித்த சீட்டு ஒன்று இருந்தது. அவள் சித்தி வீட்டு அட்ரஸ். அதற்குக் கீழே 'லெட்டர் போடுடி' என்று ஒரே ஒரு வரி. உங்கள் இரண்டு பேர் கையிலும் அப்போது போன் கிடையாது. அந்தச் சீட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் போன பிறகு, "அந்தப் பொண்ணு சைக்கிளத் தள்ளிக்கினே போவுது. ஏறவே இல்ல" என்றார். அவர் சாவதற்கு ஒரு வருஷம் முன்னால், சம்பந்தமே இல்லாமல் ஒருநாள், "அத பாப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். எதை என்று நான் கேட்கவில்லை. "அவளுக்கே மறந்து போயிருக்கும்" என்றேன். "உனக்கு மறக்கல இல்ல" என்றார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் இடையே பெரிய சண்டை என்று ஒன்றும் இருந்ததில்லை என்று நீ அடிக்கடி சொல்வாய். இதுவும் ஒரு சண்டைதான். பல வருஷம் சத்தமில்லாமல் நடந்தது.

அதற்குப் பிறகு நீ மூன்று வாரம் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாய். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று வந்து சொல்வாய். நான் அரிசி களைந்துகொண்டே கேட்பேன். ஒருநாள், "அவளுக்கு நான் முக்கியமே இல்லம்மா" என்று சொல்லி என் மடியில் படுத்து அழுதாய். உன் தலையைத் தடவிக் கொடுத்து, "போனா போறா, விடு, படி" என்றேன். அந்தக் கையை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. நீ நல்ல மார்க் வாங்கினாய். பள்ளிக்கூடத்தில் உன் பெயரைப் பலகையில் எழுதினார்கள். அதைப் பார்த்துவிட்டு, நான் செய்தது சரிதான் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

முதல் தடவை அது ஆட்டம் கண்டது உன் கல்யாணத்தில். முகூர்த்தப் புடவை கட்டிவிட உன் தோழிகள் யாராவது வருகிறார்களா என்று மாப்பிள்ளையின் அக்கா கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "எனக்கு அப்டி யாரும் இல்ல அண்ணி, அம்மாவே கட்டிவிடுவாங்க" என்றாய். எத்தனையோ கல்யாணப் பெண்களுக்குக் கடையில் புடவையைத் தோளில் போட்டுக் காட்டியிருக்கிறேன். எந்தப் பெண்ணும் தனியாக வந்ததில்லை. பக்கத்தில் ஒருத்தியாவது, "இது வேணாம்டி, உனக்கு அந்தப் பச்சைதான்டி" என்று சொல்ல நிற்பாள். உன் கொசுவத்தை இரண்டு தடவை பிரித்துப் பிரித்து மடித்தேன். எனக்கு வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாய். அதற்கு முன்னும், நீ ஹாஸ்டலில் தனி அறை கேட்டு வாங்கியபோதும், அலுவலகத்தில் யாரோடும் வெளியே போவதில்லை என்றபோதும், உன் சுபாவமே அப்படி என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பில் உன் சுபாவம் அப்படி இல்லை. இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது ஜைனர்களான பத்மா வீட்டு வழக்கம் என்பதால் ஐந்தரை மணிக்கே உங்களுக்கு தோசை ஊற்றுவேன். நீங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் தறி நெய்கிறவர் எட்டிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்பார்.

உன் பதிவைப் பார்த்த பிறகு மல்லிகாவிடம் அந்த நாவலைக் கேட்டேன். அவளே கடைக்கு எடுத்துவந்து, சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படித்தாள். எங்களோடு சரோஜா அக்கா என்று ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. மாடியில் புடவைப் பெட்டிகளுக்கு நடுவில் காலை நீட்டிக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். முடிக்கப் பதினைந்து நாள் ஆனது. கடைசிப் பக்கத்தை மல்லிகா படித்து முடித்ததும் சரோஜா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா கத இது? அவ ஏன் சொல்லாம போனான்னு கடைசி வரைக்கும் எழுதவே இல்லியே!"

"அதான்க்கா கதையே. நெஜத்துலயும் தெரியாமத்தான போவுது" என்றாள் மல்லிகா.

"இன்னா தெரியாது? அவ வந்திருப்பா. அவ்ளோ சிநேகிதமா இருந்த பொண்ணு சொல்லாம போவுமா? வீட்ல பெரியவங்க யாரோ வாசல்லயே திருப்பி அனுப்பிச்சிருப்பாங்க. எங்கம்மா என் சிநேகிதிய அப்டித்தான் அனுப்பிச்சாங்க. பக்கத்து வூட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"உங்கம்மாகிட்ட கேட்டீங்களாக்கா?"

"கேட்டேன். யாரும் வரவே இல்லன்னு சாதிச்சாங்க. சாவற வரைக்கும் சாதிச்சாங்க. அனுப்பிச்சத மன்னிச்சுட்டேன்மா. சாதிச்சாங்க பாரு, அத தான் இன்னிக்கு வரைக்கும் முடியல."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "உங்களுக்கு எப்டிக்கா இருந்துச்சு புக்கு?" என்று மல்லிகா என்னைக் கேட்டாள். நல்லாயிருக்கு என்றேன். அந்த நாவலைப் பற்றி என் கருத்து என்று அன்று சொன்னது அவ்வளவுதான்.

அடுத்த விடுப்பு நாளில் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போனேன். அவர்கள் இருந்த வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாள், பத்மா ஊரோடு திரும்பி வந்து நாலு வருஷம் ஆகிறது, ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை, அங்கேயே குடியிருக்கிறாள் என்றார். நீ தேடியிருந்தால் கிடைத்திருப்பாள், பாப்பா. ஆனால் வராதவளை ஏன் தேட வேண்டும் என்று உன்னை நினைக்க வைத்தது நான்தான்.

அதற்கு அடுத்த வாரம் ஏனாத்தூர் போனேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "வாங்க ஆன்ட்டி" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். முன்நெற்றியில் நரை விழுந்திருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். நான் அதைத் திரும்ப அவள் பக்கமே நகர்த்தினேன். சுற்றி வளைக்காமல், "அன்னிக்கு அவ வீட்ல தான் இருந்தாமா" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு அமாவாச, தறிக்காரங்களுக்கு லீவு. உங்க தெருவுல ஒரு தறியும் ஓடல. உள்ள அவ பாடிக்கினே குளிக்கறது வாசல் வரைக்கும் நல்லா கேட்டுது."

"அப்ப ஏம்மா கூப்பிடல? ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பாளே!"

"நீங்க இல்லன்னு சொன்னப்புறம் எப்டி ஆன்ட்டி கூப்பிடறது? உங்கள பொய் சொல்றவங்களா ஆக்கறா மாதிரி ஆயிடும்ல. எத்தினி நாள் எனக்கு தோச ஊத்திக் குடுத்திருக்கீங்க."

பிறகு அவளே கேட்டாள். "நோட்டுக்குள்ள அட்ரஸ் வெச்சிருந்தேன். அத பாத்தாளா?"

"இல்லமா. நான் எரிச்சிட்டேன்."

அதுவரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் டிபன் பாக்ஸை மூடினாள். மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள். "நீங்க என்னத் திருப்பி அனுப்பிச்சது எனக்கு அன்னிக்கே தெரியும் ஆன்ட்டி. அது எனக்குப் பெருசா இல்ல, அப்ப எல்லாருமே எங்கள அப்டித்தான் பாத்தாங்க. ஆனா அந்தச் சீட்ட பாத்துட்டும் அவ எழுதலன்னு நெனச்சிக்கினு இருந்தேன். சித்தி வீட்ல தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நிப்பேன். எதுலயும் மனசே போகல. அந்த வருசம் பரீட்சகூட எழுதல. அடுத்த வருசம் தனியா எழுதினேன்."

உன் பெயரைப் பலகையில் எழுதிய அதே வருஷம். மன்னித்துவிடும்மா என்றேன். "இப்ப வந்து சொல்றீங்க. இத நான் இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல ஆன்ட்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னாள். நீ எழுதியதைப் பற்றியும், கீழே மற்றவர்கள் எழுதியதைப் பற்றியும் சொன்னேன். படித்துக் காட்டட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். அவளுக்கு நாவல் படிக்கவெல்லாம் நேரம் இல்லை, இரண்டு பிள்ளைகள். இதையெல்லாம் நான் எழுதலாமா என்று கேட்டேன். குடும்பத்தில் நடந்ததைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள் என்றாள். "நான் வந்தேன்னு எழுதிடுங்க. அது போதும்."

கிளம்பும்போது உன் போன் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "போன வாட்டி நான் வந்தேன். இந்த வாட்டி அவ வரணும்னு நெனச்சா வரட்டும். வரலன்னாலும் பரவால்ல. நான் இங்க தான் இருப்பேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது போல் இருந்தது.

கடிதம் என்றால் கடைசியில் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது, அதையும் தயங்கித்தான் சொல்கிறேன். யாராவது வரவில்லை என்று உன்னிடம் சொன்னால், சொன்னது பெற்ற தாயாகவே இருந்தாலும், ஒரு தடவை நீயே போய்க் கேட்டுவிடு. உன் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். நாளைக்கு அவளைத் தேடி யாராவது ஒரு பெண் உன் வாசலில் வந்து நிற்பாள். அவளை உனக்குப் பிடிக்காமல் போகலாம். பிடிக்காவிட்டாலும் உள்ளே கூப்பிடு. பெற்றவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள் நடந்துகொள்கிறோம். எனக்கு அன்று தெரிந்திருந்தது மார்க் ஷீட்டைப் பற்றி மட்டும்தான்.

குழுவில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவளை சுயநலக்காரி என்று எழுதியவர்கள் அதை எடுத்துவிடுங்கள். அந்த வார்த்தை யாருக்காவது பொருந்தும் என்றால் எனக்குத்தான், எனக்கே எழுதிக்கொள்ளுங்கள். நான் கோபப்பட மாட்டேன்.

பாப்பா, அவள் வேலை செய்கிற இடத்தின் பெயரையும் வழியையும் உனக்கு வருகிற தாளின் பின்பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். மல்லிகா அதைத் தட்டச்சு செய்ய மாட்டாள். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை இருப்பாள், சனிக்கிழமை அரை நாள். இந்தத் தடவை ஊருக்கு வரும்போது முதலில் அங்கே போ. நம் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள். நீ வராமலே திரும்பிப் போய்விட்டால், ஏன் வரவில்லை என்று நான் யாரிடமும் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியும்.

அம்மா